பிறைக்கு முன்னே பெருநாள்

திருகோணமலைக்குப் புதிதாக வருவோரைத் தடுமாறச் செய்யும் இரண்டு ஊர்ப் பெயர்கள் உண்டு. ஒன்று கன்னியா, மற்றது கிண்ணியா. கன்னியா, அனுராதபுரம் செல்லும் வீதிப் பக்கமாக, ஏழு வெந்நீர்க் கிணறுகளும் இராவணன் கதையும் சேர்ந்து விளங்கும் இடம். கிண்ணியாவோ நகருக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த பேரூர். உல்லாசப் பிரயாணிகள் முன்னதைத் தேடிச் செல்வர். பின்னதைப் பஸ் வண்டியின் சாளரத்தினூடே பார்த்தவாறு மூதூருக்கும் மட்டக்களப்புக்கும் கடந்து போய்விடுவர். நாம் இங்கே சொல்லப் புகுவது அவ்வாறு கடந்து செல்லப்படும் ஊரைப் பற்றி. அதிலும் அவ்வூர் ஆண்டுக்கொரு முறை ஒரு மெல்லிய ஒளிக்கீற்றுக்காக வானத்தை நோக்கிக் காத்து நிற்பதைப் பற்றி.

திருகோணமலை நகரிலிருந்து புறப்படும் பஸ் வண்டி, சீனக்குடாவையும் பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்களையும் விட்டு விலகி, வெள்ளைமணலைக் கடந்து நீர்க்கரையை அடைகிறது. அங்கே கிண்ணியாப் பாலம் நம்மை எதிர்கொள்கிறது. இடப்பக்கம் கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கிறது. வலப்பக்கம் தம்பலகாமக் குடா. அதற்கப்பால் ஆதி கோணநாயகர் கோவில் கொண்ட தம்பலகாமத்தின் வயல்வெளிகள். மாலைக் கதிரவன் அந்த நீருக்கு மேலே சாயும் வேளையில் பாலத்தைக் கடப்பவர் எவராயினும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிடுவர். 396 மீற்றர் நீளமான இப்பாலம் சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு கட்டப்பட்டு, 2009-ம் ஆண்டு ஒக்டோபர் 20-ந் தேதி திறந்து வைக்கப்பட்டது.

அதற்கு முன்னர் இவ்வூருக்கு வழி 'பாதை' ஒன்றே. எமது பகுதியில் பாதை என்றால், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு துறை கடக்கும் மிதவை என்றும் பொருள்படும். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் உள்ளோர் காத்திருக்க வேண்டியதே. வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளியும், சந்தைக்குச் செல்லும் வியாபாரியும், கந்தோருக்குச் செல்லும் உத்தியோகத்தரும் ஒரே மரநிழலில் நின்று காத்திருந்தனர். காத்திருத்தலை இவ்வூரார் ஏட்டில் படித்து அறிந்தவர்களல்லர். துறையில் நின்று பழகியவர்கள்.

காத்திருத்தல் யாவும் நன்று என்று நாம் சொல்ல வரவில்லை. கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாதிருந்த நிலையில், 2021-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி காலை மிதப்புப் பாதை ஒன்று கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் நீரில் மாண்டனர். அந்தத் துயரத்தை எண்ணும்போது, வரவேண்டிய பாலம் ஒரு நாள் முந்தியேனும் வந்திருக்கலாகாதா என்று நெஞ்சு குமுறுகிறது. ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லலாம். முந்தி வரவேண்டியவை சில உண்டு; வேளையோடு வரவேண்டியவை சில உண்டு. பாலமும் மருந்தும் முன்னவை. பெருநாள் பின்னது. இவ்விரண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்வதே இக்காலத்தின் கோணல் என்பது எமது எண்ணம்.

நோன்பு மாதத்துக் கிண்ணியா

இவ்வூர் மக்களிற் பெரும்பாலோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள். கடலும் குடாவும் வயலும் அவர்களுக்குச் சோறு போடுகின்றன. நோன்பு மாதம் பிறந்ததும் ஊரின் நடை மாறிவிடுகிறது. பகலில் தேநீர்க் கடைகள் ஓய்ந்திருக்கும். பிற்பகலில் பள்ளிவாசல்களின் புறத்தே பெரிய கிடாரங்களில் நோன்புக் கஞ்சி கொதிக்கும். அரிசியும் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் இஞ்சியும் உள்ளியும் கலந்த அந்த மணம், நோன்பு நோற்காத எம்மையும் நின்று பார்க்கச் செய்யும். கையில் தூக்குப் பாத்திரங்களோடு சிறுவர் வரிசையாக நிற்பர். பாங்கொலி கேட்டதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு நீர், ஒரு கோப்பை கஞ்சி, அதன்பின் மஃரிப் தொழுகை, இரவிலே தராவீஹ். அயல் வீட்டார் எச்சமயத்தவராயினும் கஞ்சியில் அவர்களுக்கும் ஒரு பங்கு போய்ச் சேரும்.

இவ்வாறு அடக்கத்தோடு தொடங்கும் மாதத்தில், அதன் முதல் வாரம் கழியும் முன்னரே இன்னொரு மாதம் வந்து புகுந்துகொள்வதை இப்பொழுது காண்கிறோம். கடைத்தெருவில் வண்ண மின்குமிழ்கள் கொடி கொடியாகத் தொங்குகின்றன. 'பெருநாள் மலிவு விற்பனை' என்ற பதாகைகள் வீதியின் குறுக்கே ஏறிவிடுகின்றன. புடவைக் கடைகளின் வாயிலில் ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று வெல்லப் போட்டியிடுகின்றன. 'ஈத் முபாரக்' என்ற வாழ்த்து, நோன்பு பத்து முடியாத முன்னரே கைத்தொலைபேசிகளிலும் கடைக் கண்ணாடிகளிலும் மின்னுகிறது. பெருநாள் இன்னும் மூன்று வாரத் தொலைவில் இருக்கிறது. எனினும் அதைக் கொண்டாடி முடித்துவிட்டது போன்ற களைப்பு அதற்குள்ளாகவே தெருவில் படிந்துவிடுகிறது.

இது பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். இளமையில் பழைய பாதைத் துறையில் தொழில் செய்தவர் அவர். தலையில் தொப்பியும் தோளில் சால்வையுமாகப் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தார். சிறிது நேரம் தாடியைத் தடவியபின் சொன்னார்: "சேர், எங்கட காலத்தில தலைப்பிறையக் கண்டாத்தான் பெருநாள். இப்ப லைற்றக் கண்டாலே பெருநாள்." நாம் ஒரு பக்கமெல்லாம் எழுதிச் சொல்ல முயல்வதை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

பிறையின் கணக்கு

அவர் குறிப்பிட்ட தலைப்பிறையின் அருமை யாதென்று மாணவர்கள் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29.53 நாட்கள் செல்கின்றன. ஆதலால் சந்திர மாதம் ஒருபோது 29 நாளாகவும் ஒருபோது 30 நாளாகவும் அமைகிறது. பன்னிரண்டு மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாட்கள். சூரிய ஆண்டிலும் இது பதினொரு நாள் வரை குறைவு. இக்குறைவை ஈடுசெய்ய நாம் நமது பஞ்சாங்கத்தில் அதிக மாதம் சேர்த்துக்கொள்வது போல இஸ்லாமியக் கணிப்பில் சேர்ப்பதில்லை. எனவே நோன்பு மாதம் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ முப்பத்துமூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. ஒருவர் இளமையில் மாரிகாலத்தில் நோற்ற நோன்பை நடுவயதில் கச்சான் காற்று வீசும் கோடையில் நோற்பார். 2030-ம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக நோன்பு மாதம் இருமுறை தொடங்கும்.

இருபத்தொன்பதாம் நாள் மாலைதான் யாவருக்கும் மூச்சடங்கும் வேளை. சந்திரன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 பாகை வீதம் சூரியனை விட்டுக் கிழக்கே விலகுகிறது. அமாவாசை முடிந்து சில மணி நேரமே ஆகியிருந்தால், சூரியன் மறைந்த சற்று நேரத்தில் பிறையும் மறைந்துவிடும். செவ்வொளி இன்னும் அடங்காத வானில், நகக்கீறல் போன்ற கோடு ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு முகில் குறுக்கிட்டாலும் போதும், எல்லாம் முடிந்தது. பிறை தென்பட்டால் மறுநாள் பெருநாள். தென்படாவிடின் நோன்பு முப்பதாகும்.

அத்தகைய மாலை ஒன்றில் நாம் கிண்ணியாவில் இருந்தோம். பாலத்தின் ஓரத்திலும் குடாவின் கரையிலும் ஆட்கள் சிறு சிறு கூட்டமாக மேற்கே நோக்கி நின்றனர். தந்தையின் தோளில் குழந்தை. பேரனின் கையைப் பற்றியபடி பார்வை மங்கிய கிழவர். "வாப்பா, எங்க பிறை?" என்று ஒரு சிறுமி திரும்பத் திரும்பக் கேட்டாள். "பொறு மகள், அது தானா வரும்" என்றார் தகப்பன். அன்று முகில் மூடிக்கொண்டது. எவரும் முணுமுணுக்கவில்லை. இன்னும் ஒரு நாள் நோன்பு கிடைத்தது என்று ஒருவர் சொல்லிச் சிரித்தார். கூட்டம் கலைந்தது. பெருநாளைக் கையில் எடுக்கப் போன பிள்ளைகள் வெறுங்கையோடு, ஆயினும் வாடாத முகத்தோடு வீடு திரும்பினர். நாளைக்கு நிச்சயம் என்ற எண்ணமே அவர்களுக்கு ஒரு தின்பண்டமாயிற்று.

பின்னால் கடைத்தெருவில் மின்குமிழ்கள் மட்டும் பிறை வந்ததா இல்லையா என்ற கவலையின்றி எரிந்துகொண்டிருந்தன.

ஒரு நாள் வித்தியாசம்

பிறையின் பொருட்டுக் கிண்ணியாவின் பெயர் நாடெங்கும் அடிபட்டது 2013-ம் ஆண்டிலே. அவ்வாண்டு ஓகஸ்ட் 7-ந் தேதி புதன்கிழமை மாலை, கிண்ணியாவில் சிலர் பிறையைக் கண்டதாகச் சாட்சி கூறினர். கொழும்புப் பெரிய பள்ளிவாசல், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம் ஆகியவை கூடிப் பிறையைத் தீர்மானிப்பது இந்நாட்டு வழக்கம். அங்கே அச்சாட்சியம் ஏற்கப்படவில்லை. 9-ந் தேதி வெள்ளிக்கிழமையே பெருநாள் என அறிவிக்கப்பட்டது. கிண்ணியாவில் பலரோ 8-ந் தேதி வியாழக்கிழமையன்றே பெருநாளைக் கொண்டாடினர். ஒரு நாட்டில், ஒரே சமூகத்தில், இரண்டு பெருநாட்கள்.

அமாவாசை அன்று அதிகாலையிலேதான் நிகழ்ந்திருந்தது. சூரியன் மறையும்போது பிறையின் வயது ஏறத்தாழ பதினைந்து மணி நேரம். அத்துணை இளம்பிறை வெறுங்கண்ணுக்குப் புலப்படுவது மிக அரிது என்பர் வானியலார். கண்டோம் என்றவர்களுக்கோ தம் கண்ணே சான்று. எவர் சொன்னது சரியென்று தீர்ப்புக் கூறுவது அயலவராகிய எமக்குரிய வேலையன்று. எம் மனத்தைத் தொட்டது வேறு. ஒரே ஒரு நாள் முந்தியதா பிந்தியதா என்பதற்காக அறிஞரும் மீனவரும், கொழும்பும் கிண்ணியாவும் இத்துணை மனம் நொந்து வாதிட்டனர். ஏன்? நோன்பு நோற்கவேண்டிய நாளில் உண்பதும் தவறு. உண்டு மகிழவேண்டிய நாளில் நோற்பதும் தவறு என்று இரு சாராருமே நம்பினர். அந்த நாளுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. ஒரு நாளுக்காக மனச்சாட்சியோடு மல்லுக்கட்டும் ஊரிலே, மூன்று வாரம் முந்திப் பெருநாளை மூட்டையாகக் கட்டி விற்கும் வாணிபத்தைப் பற்றி ஒருவரும் கூட்டம் கூட்டி வாதிடுவதில்லை என்பதே வியப்பு!

இரண்டு பெருநாள் கண்ட நாடு இலங்கை மட்டுமன்று. அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் கடைசி வியாழக்கிழமையை நன்றி செலுத்தும் நாளாகக் கொண்டாடி வந்தனர். அது கழிந்த பின்னரே நத்தார் வியாபாரம் சூடு பிடிக்கும். 1939-ம் ஆண்டில் அக்கடைசி வியாழன் நவம்பர் 30-ந் தேதி வந்தது. வியாபார நாட்கள் குறைந்துவிடும் என்று வணிகர்கள் முறையிட்டனர். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திருநாளை ஒரு வாரம் முன்தள்ளி 23-ந் தேதிக்கு மாற்றினார். நாடு இரண்டுபட்டது. சில மாநிலங்கள் புதிய நாளையும் சில பழைய நாளையும் கொண்டாடின. 1941-ம் ஆண்டில் சட்டமியற்றி, நவம்பரின் நான்காம் வியாழன் என்று நிலைநிறுத்திய பின்னரே குழப்பம் ஓய்ந்தது.

இரு நிகழ்ச்சிகளிலும் பிளவு ஒன்றே போல் தோன்றும். ஆனால் அங்கே நாளை முந்தச் செய்தது கணக்குப் புத்தகம்; இங்கே நாளைப் பற்றிய வழக்குக்குக் காரணம் வானம். திருநாள் எப்போது தொடங்குகிறது என்பதைக் காட்டிலும், யார் சொல்லித் தொடங்குகிறது என்பதே பெரிய கேள்வி என்று தோன்றுகிறது.

எல்லார் வீட்டிலும் இதே கதை

அயலார் வீட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது முறையன்று. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே திருகோணமலைத் தெருக்களில் சீனவெடி கேட்கத் தொடங்கிவிடுகிறது. விடியற்காலையில் எழுந்து எண்ணெய் தேய்த்து முழுகும் அன்று, வெடிச் சத்தம் பிள்ளைகளுக்குப் பழசாகிப் போகிறது. கொழும்பிலே நவம்பர் மாதத்திலேயே பெரிய கடைகளில் நத்தார் மரம் எழுந்துவிடுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டிலோ செப்டெம்பர் பிறந்ததுமே நத்தார்ப் பாட்டுக் கேட்குமாம்.

நம் முன்னோர் எச்சமயத்தவராயினும், திருநாளுக்கு முன்னே ஒரு காத்திருப்பை மதில் போலக் கட்டி வைத்தனர். முஸ்லிம்களுக்குப் பெருநாளுக்கு முன் ஒரு மாத நோன்பு. கத்தோலிக்கருக்கு நத்தாருக்கு முன் நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலம். எமக்குச் சூரசங்காரத்துக்கு முன் ஆறு நாட் கந்தசஷ்டி விரதம். ஆருத்திரா தரிசனத்துக்கு முன் குளிர் விடியலில் திருவெம்பாவை. முதலில் அடக்கம், பின்பே ஆரவாரம். பசித்தவனுக்கே சோற்றின் சுவை தெரியும் என்ற எளிய உண்மையை அறிந்து வைத்த ஏற்பாடு இது.

திருகோணமலையின் நவராத்திரிக் கும்ப விழாவைக் கண்டவர்கள் இதை எளிதில் உணர்வர். கும்பம் வைக்கும் இடத்தில் மண் பரப்பி நவதானியம் விதைப்பர். ஒன்பது இரவு பூசையும் நீரும் பெற்று முளை வளர்ந்து நிற்கும். எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் அந்த முளையை மூன்றாம் நாளே முழமாக்க முடியாது. முளைக்கு அதன் வேளை உண்டு. பிறைக்கும் அதன் வேளை உண்டு. விலைச்சீட்டுக்கு மட்டுமே வேளை இல்லை.

இன்னொரு கணக்கும் பார்க்கலாம். எமது நாட்டில் தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், தீபாவளி, நத்தார் என ஏழு பெருந்திருநாட்கள் வருகின்றன. ஒவ்வொன்றையும் கடைத்தெரு ஒரு மாதம் முந்தித் தொடங்கினால் ஏழு மாதங்கள் போய்விடும். 2024-ம் ஆண்டு ஏப்ரலில் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தபோது, எந்த மின்குமிழ் எவருக்குரியது என்றே அறிய முடியாதபடி வீதிகள் மின்னின. ஆண்டில் பாதிக்கு மேல் திருநாளாகிவிட்டால் திருநாளை வேறுபடுத்திக் காட்டுவது எது? வெறுநாள் இல்லாவிடிற் பெருநாள் ஏது?

ஆயத்தமும் ஆரவாரமும்

வியாபாரிகள் பக்கத்து நியாயத்தையும் கேட்பது கடன். கிண்ணியாக் கடைத்தெருவில் புடவை வியாபாரி ஒருவர் எம்மிடம் அமைதியாகச் சொன்னார்: கொழும்பிலிருந்து கடனுக்கு எடுத்த சரக்கு, ஆண்டின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஒரு மாதத்தில் வரவேண்டும், பக்கத்துக் கடை விளக்குப் போட்டால் நான் இருட்டில் இருக்க முடியுமா? தையற்காரருக்கோ நோன்பின் பாதிக்குள் துணி வந்து சேராவிட்டால் பெருநாளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்க இயலாது. வட்டிலப்பத்துக்கு வேண்டிய கருப்பட்டியும் முட்டையும் விலையேறுமுன் வாங்கி வைக்கும் இல்லத்தரசியைக் குறை கூற எவருக்கு மனம் வரும்?

இவையெல்லாம் ஆயத்தம். ஆயத்தத்துக்கும் ஆரவாரத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. தாய் பெட்டியின் அடியில் மடித்து வைக்கும் புதுச்சட்டை ஆயத்தம். அது வீட்டில் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். தொடக் கூடாது என்பதும் தெரியும். அந்த இரண்டு அறிவுக்கும் நடுவே வளர்வதுதான் ஆசை. கடைவாயிலில் இரவு பகலாக முழங்கும் ஒலிபெருக்கி ஆரவாரம். அது ஆசையை வளர்ப்பதில்லை, அலுப்பை வளர்க்கிறது.

ஆரவாரத்தின் பாரம் எல்லார் மீதும் ஒரே அளவாக விழுவதுமில்லை. நாட்கூலிக்கு வலை இழுப்பவரின் பிள்ளை, அயல்வீட்டுப் பிள்ளையின் புதுச்சட்டையை ஒரு மாலைப்பொழுது பார்த்து ஏங்குவது ஒன்று. முப்பது நாளும் கண்ணாடிக்குள் பார்த்து ஏங்குவது மற்றொன்று. அந்த முப்பது நாள் ஏக்கத்தைத் தாங்கமாட்டாத தகப்பன் கடன் வாங்குகிறான். பெருநாள் ஒரு நாளில் போய்விடும். கடன் அடுத்த பெருநாள் வரை வீட்டில் தங்கும். மேலும், நோன்பின் கடைசிப் பத்து இரவுகளே வணக்கத்துக்கு மிகவும் சிறந்தவை என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. அந்தப் பத்து இரவுகளில்தான் கடைத்தெருவில் நெரிசல் மிகுந்திருக்கிறது. பள்ளிவாசலில் நிற்க வேண்டிய கால்கள் புடவைக் கடையில் நின்று வலிக்கின்றன என்று அவ்வூர்ப் பெரியோரே வருந்துகின்றனர்.

முந்திச் செய்யவேண்டியது ஒன்று அந்தச் சமயத்திலும் உண்டு. அதனை நாம் அறிந்தபோது வியந்தோம். நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்னரே ஒவ்வொருவரும் தலைக்கு இவ்வளவென்று தானியம் ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். பித்ரா என்பது அதன் பெயர். எமது பகுதியில் அரிசியே வழக்கம். தலைக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. அன்று காலையில் எவர் வீட்டிலும் அடுப்பு எரியாமல் இருக்கலாகாது என்பதே கருத்து. தொழுகை முடிந்தபின் கொடுத்தால் அது வெறும் தருமமாகிவிடும். பித்ரா ஆகாது என்பர். எதை முந்திச் செய்யவேண்டும், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்ற பாடம் இதைவிடத் தெளிவாக எங்கே இருக்கிறது? ஈகை முந்தட்டும், மகிழ்ச்சி அதன் பின்னே வரட்டும்.

சோடனை இல்லாத பெருநாட்கள்

சோடனை இல்லாமலே பெருநாள் வரும் என்பதையும் கிண்ணியா கண்டிருக்கிறது. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. வீடும் வள்ளமும் உறவும் ஒரு காலைப்பொழுதில் போயின. எவர் அழுதாலும் காலம் நிற்பதில்லை. அடுத்த மாதமே தைப்பொங்கலும் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தது. முகாம்களிலும் உறவினர் வீட்டு முற்றங்களிலும் தங்கியிருந்தவர்களை அவை தேடி வந்தன. அப்போது மின்குமிழ்க் கொடிக்கு எங்கே போவது? கொடிய நோய்க்காலத்தில், 2020-ம் ஆண்டு மே 24-ந் தேதி வந்த நோன்புப் பெருநாளன்று நாடெங்கும் ஊரடங்கு. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. வீட்டுக்குள்ளேயே தந்தை முன்னே நிற்க, பிள்ளைகள் பின்னே நின்று தொழுதனர். அந்தப் பெருநாட்களைப் பற்றி இன்றும் மக்கள் தழுதழுத்த குரலில் பேசுகிறார்கள். கடையில் விளக்குப் போட்ட ஆண்டுகளைப் பற்றி அப்படிப் பேசக் கேட்டதில்லை.

ஆதலால் குடும்பத்தலைவர்களுக்கும் தலைவியருக்கும் ஒரு சிறு வேண்டுகோள். கடைத்தெருவை நாம் திருத்த முடியாது. வீட்டு வாசலைத் திருத்தலாம். வாங்கவேண்டியதை வேளையோடு வாங்குங்கள். வாங்கியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். மின்குமிழ்க் கொடியைப் பிறை அறிவித்த இரவிலே, தீபாவளிக்கு முதல்நாள் இரவிலே, நத்தார் இரவிலே ஏற்றுங்கள். "ஏன் இன்னும் விளக்குப் போடவில்லை?" என்று பிள்ளை கேட்டால், "நாள் இன்னும் வரவில்லை" என்று சொல்லுங்கள். நாளுக்கென்று ஒரு வேளை உண்டு, அதை எவராலும் விலைக்கு வாங்க முடியாது என்ற அறிவைப் பிள்ளைக்குத் தருவது ஒரு புதுச்சட்டையைத் தருவதிலும் மேலானது.

மாணவர்களுக்கு இன்னொன்று சொல்வோம். நோன்பு மாதத்து இருபத்தொன்பதாம் நாள் மாலை திருகோணமலைப் பக்கம் இருக்க நேர்ந்தால், எச்சமயத்தவராயினும், கிண்ணியாப் பாலத்துக்குச் செல்லுங்கள். கடைத்தெருவுக்கு முதுகைக் காட்டி, தம்பலகாமக் குடாவுக்கு மேலே செவ்வானத்தில் கண்ணை ஊன்றி நில்லுங்கள். பக்கத்தில் நிற்கும் பெரியவர் எந்த இடத்தில் பார்க்கவேண்டும் என்று விரலால் காட்டித் தருவார். பிறை தெரியலாம், தெரியாமலும் போகலாம். தெரியாவிட்டால் என்ன, இன்னும் ஒரு நாள்தானே.